ஆளுக்கு ஒண்ணு

சித்தெ தள்ளி உக்காருங்க தம்பி. இந்தப் பைய மடியிலயே வெச்சுக்கறனுங்க, கீழ வெக்கற சாமான் இல்ல. நீங்க கரூருங்களா? நான் வெள்ளகோவில்ல எறங்கிக்குவேன். இவன் ஆரன் அடிக்கறதோட சரி, நகர மாட்டான். முக்கா மணி நேரம் ஆக்கிப் போடுவான் பாருங்க.

நீங்க வெச்சிருக்கறது கம்ப்யூட்டர் பைங்களா? அதுலதான் வேலையா? அப்பிடிப் போடுங்க! அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்த மெமரி இருக்குதுங்கல்ல, ராமுன்னு சொல்றது, அதுல ஆறாயிரம்னு ஒண்ணு இருக்குது, ஆறாயிரத்து நானூறுன்னு ஒண்ணு இருக்குது. எது ஒசத்தி? நம்பரைத்தான் கேக்கறேன். நம்பர்ல எது ஒசத்தி?

அட, அதென்னங்க போர்டைப் பொறுத்துன்னு? எல்லாரும் இதையே சொல்றீங்க. கடைக்காரனும் இதையேதான் சொன்னான். என்ர பையனும் இதையேதான் சொன்னான். ஒரு சாமான் நல்ல சாமானா இருந்தா எதுல போட்டாலும் நல்லாத்தான இருக்கணும்? சரி உடுங்க. நீங்க எங்க ஊரு ஆளும் இல்ல, எங்க சொந்தம் ஒறம்பரையும் இல்ல. உங்ககிட்ட சொன்னா என்ன ஆயிரப் போகுது. கேளுங்க.

என் பேரு நாச்சிமுத்துங்க. காங்கேயத்துக்குப் பக்கத்துல கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். தேங்காய ஒடைச்சுக் காயப் போட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்பறது. ஒரே பையன், தரணீஷ். இருபத்தோரு வயசு. பிகாம் முடிச்சான். முடிச்சுப் போட்டு ஊட்டுல மேல் ரூம்புல உக்காந்து கம்ப்யூட்டர்ல ஆட்டம் ஆடிக்கிட்டு இருந்தான். துப்பாக்கி ஆட்டம்ங்க. இக்கட்ட அஞ்சு பேரு, அக்கட்ட அஞ்சு பேரு. இவன் காங்கேயத்துல உக்காந்திருப்பான், இவன் கூட்டாளி ஒருத்தன் கவுகாத்தியில இருப்பானாம். சுடு, சுடு, பின்னால, பின்னாலன்னு இங்கிலீசுல கத்துவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். களத்துல ஆளு பத்தாம நான் வெய்யில்ல காயறேன், இவன் ஃபேனுக்கடியில உக்காந்து சண்டை போடறான்னு. ரண்டு வருசம் திட்டித் தீத்தனுங்க. அவன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. சரிங்ப்பா, சரிங்ப்பான்னு சொல்லிப் போட்டு மறுபடி மேல போயிருவான்.

அப்பறம் ஒரு நாளு வந்து சொன்னான். ஐதராபாத்துல ஒரு டீமு இருக்குதாம். மாசச் சம்பளம், தங்கற எடம், சாப்பாடு, எல்லாம் அவங்களே. நாடு பூரா இருந்து ஆளு எடுக்கறதுக்கு நாலு மாசமா வடிகட்டிக்கிட்டே வந்தாங்களாம். கடைசியா பத்துப் பேரு நிக்கறாங்க, அதுல இவன் ஒருத்தன். ஒரு ஞாயித்துக்கெழமை பதினொரு மணிக்கு மூணு ஆட்டம். அவங்கவங்க ஊட்டுல இருந்தே ஆடணும். ஒரே ஒரு ஆளுதான் எடுப்பாங்க. எடுத்துட்டா அவன் வாழ்க்கை அதுதான். இல்லீன்னா அவ்வளவுதான், வயசு மீறிப் போயிரும்னான். நான் அப்பவும் மொறைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா பேக்கரியில பசங்க வந்து, "மாமா, தரணீஷு பேரு லிஸ்டுல வந்திருக்குதுங்க"ன்னு போன்ல காட்டுனாங்க பாருங்க, எனக்கு மனசு எங்கியோ போயிருச்சு. அன்னைக்கி ராத்திரி அவன் அம்மா கோகிலாகிட்ட சொன்னேன், இவன் ஏதோ பண்ணுவான் புள்ளேன்னு.

அவனுக்கு ஒரே ஒரு கொறை. கம்ப்யூட்டர்ல மெமரி பத்தல. எட்டும் எட்டும் பதினாறு இருந்துது. புதுசா வந்த ஆட்டத்துக்குப் பதினாறு பதினாறா ரண்டு துண்டு, முப்பத்திரண்டு வேணும்னான். அவன்கிட்ட இருந்த காசெல்லாம் வேற எதுக்கோ போயிருச்சு. "நான் வாங்கித் தர்றேன்டா"ன்னேன். சந்தோசத்துல உடனே தாளு பேனா எடுக்க ஓடுனான். ரண்டு வருசத்துல நான் அவனோட ஆட்டத்துக்குன்னு ஒரு ரூவா குடுத்ததில்லீங்களே.

ஒரு தாளுல எழுதிக் குடுத்தான். போர்டு செஞ்ச கம்பெனிக்காரனே எந்த மெமரி இதுல ஒழுங்கா ஓடும்னு ஒரு பட்டியலு போட்டு வெச்சிருக்கறானாம். அதுல இருந்து பாத்து, பேரு, நம்பரு, வேகம் ஆறாயிரம், எல்லாம் தெளிவா எழுதியிருந்தான். கீழ கோடு போட்டு இன்னொண்ணு. "ஒரே டப்பாவுல ரண்டும் இருக்கணும். தனித்தனியா வாங்க வேண்டாம்." ஏண்டா அப்பிடின்னு கேட்டேன். ரண்டும் ஜோடியா வேலை பாக்கும்ப்பா, கம்பெனியிலயே சேத்து ஓட்டிப் பாத்துத்தான் டப்பாவுல போடுவான்னான். "ரண்டு கடையில கடைக்கு ஒரு செருப்பு வாங்குவீங்களாப்பா?"ன்னான். செருப்பும் இதும் ஒண்ணாடான்னு நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான்.

இது இப்பிடியே முடிஞ்சிருந்தா நான் ஏனுங்க இந்தப் பஸ்ஸுல உங்ககிட்டப் பொலம்பிக்கிட்டு இருக்கப் போறேன்.

என்ர மச்சான் ஒருத்தரு இருக்கறாருங்க. கோகிலாவோட அண்ணன், தெய்வசிகாமணி. சென்னிமலையில தறி போட்டிருக்கறாரு, பெட்ஷீட்டு. ஆளு நல்ல ஆளுதான். இல்லீங்கல. ஆனா எதுலயும் அவரு கை மேல இருக்கணும். தரணீசுக்குக் காது குத்துனப்ப, தாய்மாமன் சீருன்னு ஒரு செயினு கொண்டாந்தாரு. சபையில அதைத் தூக்கிக் காட்டுனாரு பாருங்க, நான் அன்னைக்கே மத்தியானம் கடைக்குப் போயி அதைவிடத் தடியா ஒண்ணு வாங்கியாந்து போட்டேன். ஒண்ணைக் கழட்டுனா அவருக்கு மூஞ்சி சுருங்கும், இன்னொண்ணைக் கழட்டுனா எனக்கு. கொழந்தை ரண்டையும் போட்டுக்கிட்டு மூணு நாளு அழுதுது. கழுத்தெல்லாம் தடிச்சுப் போச்சுங்க.

கோகிலா சும்மா இருந்திருக்கலாம். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லீட்டா. மறுநாளே வந்துட்டாருங்க. "மாப்பிள்ளை, பையன் இம்புட்டுப் பெரிய எடத்துக்குப் போறான், தாய்மாமன் நான் இருக்கறப்ப அது என்ர சீரு, நான்தான் வாங்குவேன்"ன்னாரு. "அப்பன்னு நான் எதுக்குங்க இருக்கறேன்"ன்னேன். அவரு உடல, நானும் உடல. காப்பி ஆறிப் போச்சு. கடைசியில கோகிலாதான், "ரண்டுதான வேணும்? ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க, தீந்துது"ன்னா. அட, இது நல்ல ரோசனையா இருக்குதேன்னு ரண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். தரணீசு மாடிப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். "மாமா, அப்பிடி வாங்கக் கூடாதுங்க, அது ஒரே டப்பாவா..."ன்னு எறங்கி வந்தான். "அட, நீ போ சாமி, பெரியவங்க பேசிக்கறோம்"னு அவரு அவன் தோள்ல தட்டி அனுப்பிப் போட்டாரு. நானும் தலையாட்டுனேன். அந்த ஒரு விசயத்துல எனக்கும் அவருக்கும் ஒத்துப் போச்சு.

மச்சான் ஈரோட்டுல போயி வாங்குனாரு. தாளுல எழுதியிருந்த மாதிரியே, ஆறாயிரம். டப்பாவக் கொண்டாந்து என் முன்னாலயே அவன் கையில குடுத்தாரு. அப்ப நான் என்ன பண்றது சொல்லுங்க? அதே ஆறாயிரத்தை வாங்கியாந்தா அவரு வாங்குனதையே நானும் பாத்து வாங்குன மாதிரி ஆயிரும். கோயமுத்தூருக்கே போனனுங்க. கடையில இருக்கற பையன் மொதல்லயே கேட்டான், "சார், மதர்போர்டு என்ன மாடலுங்க? இப்ப உள்ள என்ன ராம் இருக்குது? ஒத்தையா எடுக்காதீங்க சார், மிக்ஸ் பண்ணுனா தொந்தரவு வரும்"னு. வியாபாரத்துக்குச் சொல்றான், ரண்டா விக்கப் பாக்கறான்னு நெனைச்சேன். "இருக்கறதுலயே ஒசத்தி எது, அதைக் காட்டு"ன்னேன். ஆறாயிரத்து நானூறு. அதுல ஒண்ணு லைட்டு எரியறதுங்க. செவப்பு, நீலம், பச்சைன்னு மாறி மாறி ஓடுது. பாத்ததும் எனக்குப் புடிச்சுப் போச்சு. கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிக் கதவுதான, வெளிய இருந்து பாத்தாலே தெரியும். யாரு வாங்குனதுன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல.

மச்சானோடதைப் போட்டுப் பாக்கறதுக்கு அவன் கழட்டி வெச்சிருந்த பழைய எட்டும் எட்டும் சும்மாதான கெடக்குதுன்னு மேசை மேல இருந்து எடுத்துப் பையில போட்டுக்கிட்டுத்தான் போயிருந்தேன். எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன். அவனைக் கேக்கலீங்க. பழசுதான?

ஊட்டுக்கு வந்து டப்பாவக் குடுத்தேன். பிரிச்சு, மேல எழுதியிருந்த நம்பரைப் படிச்சான். "நல்லா இருக்குதுங்ப்பா"ன்னான். அப்பறம், "பழசு ரண்டும் எங்கீங்ப்பா?"ன்னு கேட்டான். சொன்னேன். சரிங்ப்பான்னு டப்பாவ எடுத்துக்கிட்டு மேல போயிட்டான் தம்பி. திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

அந்தப் போர்டுல மெமரி சொருகறதுக்கு நாலு குழி இருக்குது. ரண்டாவதுல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு போடணுமாம். அதுக்கும் மச்சான் போன்ல கேட்டாரு, "என்ர சாமான் எதுல இருக்குது கண்ணு?"ன்னு. ரண்டாவதுலன்னான். "அப்ப மொதல்ல நான்தான்"னு சிரிச்சாரு. எனக்குக் கடைசிக் குழி. சரி, அதுலதான் லைட்டு எரியுதேன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

ரண்டையும் போட்டு ஓட்டுனான். ஒரு சமயம் வந்துது. ஒரு சமயம் கறுப்பாவே நின்னுது. ஒரு மணி நேரம் நல்லா ஆடும், திடீர்னு பூரா நீலமாயி நின்னு போகும். தனியா அவருதைப் போட்டா ஓடுது. தனியா என்னுதைப் போட்டாலும் ஓடுது. ரண்டும் சேந்தா ஆகல. பத்து நாளு என்னென்னமோ பண்ணிப் பாத்தான். வேகத்தைக் கொறைச்சான், ஏத்துனான். அதுக்குள்ள எளைச்சுப் போயிட்டானுங்க பையன். கடைசியா என்கிட்ட வந்து, "அப்பா, ரண்டையும் குடுத்துட்டு அந்த டப்பாவையே வாங்கிக்கலாம்ப்பா, நான் மாமாகிட்டச் சொல்றேன்"ன்னான். நீ போயிச் சொன்னா, நான் சொல்லித்தான் அவரு சீரைத் திருப்பிக் குடுத்தன்னு ஆகும், கொஞ்சம் பொறுடான்னேன். பொறுத்தான். பொறுக்கறதுல அவனை அடிச்சுக்க ஆளில்லீங்க.

ஞாயித்துக்கெழமை வந்துது. மச்சான் குடும்பத்தோட வந்துட்டாரு. தட்டுல பழம், தேங்கா, பையனுக்குச் சட்டைத்துணி. அவரு பங்காளி ரண்டு பேரு வேற. கோகிலா கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டுனா. மேல் ரூம்புல சேரைப் போட்டு எல்லாரும் உக்காந்தோம். பொட்டி மேசையில இடது பக்கம் இருக்குது. கண்ணாடி எங்க பக்கம். அவன் உக்கார்ற பக்கம் வெறும் தகடுதான்.

மச்சான் குனிஞ்சு கண்ணாடிக்குள்ள பாத்தாரு. பாத்துப் போட்டு என்னைப் பாத்தாரு. "ஏனுங் மாப்பிள்ளை, உங்களுது கலர் கலரா எரியும்னு சொன்னீங்க, காணமே?"ன்னாரு. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. உள்ள அவருது ஒண்ணுதான் இருந்துது. நாலாவது குழி மொட்டையா இருந்துது. எனக்கு மூஞ்சியில ரத்தம் ஏறிருச்சுங்க. தரணீசுதான் சட்டுனு சொன்னான், "அதுக்கு ஒரு கேபிள் வரணும்ங்க மாமா, அதனால எடுத்து வெச்சிருக்கறேன்"னு. பொய்யிங்க. எனக்கோசரம் சொன்னான். என் பக்கம் வந்து மெதுவா, "ஒண்ணுல ஆடுனா ஆட்டம் கொஞ்சம் திக்கும்ப்பா, ஆனா நிக்காது. இன்னைக்கி மட்டும் உடுங்ப்பா"ன்னான். சரிடான்னேன். சரின்னுதான் சொன்னேன்.

பத்தரைக்குக் குளிக்கப் போனான். இவங்கெல்லாம் கீழ டிபன் சாப்பட எறங்குனாங்க. படியில மச்சானோட பங்காளி சொல்றது எனக்குக் கேக்குது, "அப்ப உன்ர ஒண்ணுலதான் பையன் ஆடறானா"ன்னு. மச்சான் சிரிச்சாரு.

தம்பி, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கோகிலாவுக்குத் தெரியாது.

என்னோட டப்பா அலமாரியில இருந்துது. செவத்துல சுவிட்ச அணைச்சேன். கண்ணாடியத் தொறந்தேன், அவன் தொறக்கறதைப் பத்து நாளா பாத்திருக்கறனே. நாலாவது குழியில வெச்சு ரண்டு கட்டை வெரலாலயும் அமுத்துனேன். டக்குன்னு உழுந்துது. மறுபடி சுவிட்சப் போட்டேன். திரை கறுப்பாவே நிக்குது. ஒரு நிமிசம், ரண்டு நிமிசம், மூணு நிமிசம். எனக்கு வேர்த்து ஊத்துது. சிவன்மலை ஆண்டவா, காப்பாத்துன்னு நிக்கறேன். நாலாவது நிமிசம் வந்துருச்சுங்க! லைட்டு எரியுது. செவப்பு, நீலம், பச்சை. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பாத்தியா, என்ர சாமான் ஓடுதுல்லன்னு. தலையத் தொவட்டிக்கிட்டு அவன் வந்தான். "ஏப்பா ஆன் பண்ணுனீங்க?"ன்னான். "நேரமாச்சேன்னுதாண்டா"ன்னேன். அவன் பக்கம் தகடுதான, தெரியல. திருநீறு வெச்சுக்கிட்டு உக்காந்தான்.

மச்சான் மேல வந்து பாத்தாரு. லைட்டு எரியறதைப் பாத்தாரு. போயிச் சேர்ல உக்காந்துக்கிட்டாரு. அந்த ஒரு மணி நேரம் நான் எப்பிடி உக்காந்திருந்தேன் தெரியுங்களா? கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தேன்.

மொத ஆட்டம் செயிச்சாங்க. ரண்டாவது தோத்தாங்க. மூணாவதுலதான் இருக்குதுன்னு எனக்கே வெளங்கிருச்சு. அவன் பக்கத்துல நாலு பேரு செத்துட்டாங்க, இவன் ஒருத்தன் நிக்கறான். அக்கட்ட மூணு பேரு. ஒருத்தனைச் சுட்டான். சத்தியமாச் சொல்றேன், நான் மூச்சு உடலைங்க. இன்னொருத்தனைச் சுட்டான். மச்சான் என் கையப் புடிச்சுக்கிட்டாரு. நானும் அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். அந்த மூணாவது ஆளு ஒரு செவத்துக்குப் பின்னால இருந்து வெளிய வர்றான். இவன் திரும்பறான்.

திரை நீலமாப் போச்சு. வெள்ளை எழுத்துல என்னமோ வந்துது. அப்பறம் கறுப்பு.

அவன் கத்தலீங்க. ரண்டு கையையும் மேசையில வெச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருந்தான். மறுபடி அது உசுரு வர்றதுக்கு நாலு நிமிசம் ஆச்சு. அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சுது. போன் போட்டுக் கெஞ்சுனான். எல்லாருக்கும் ஒரே ரூல்தான், கரண்டு போனாலும் மெசினு நின்னாலும் தோத்த மாதிரிதான்னு அந்தப் பக்கம் இருந்து ஒருத்தன் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டுது. தேங்க்ஸுங்கன்னு சொல்லி வெச்சுட்டான்.

எந்திரிச்சு எங்க பக்கம் வந்தான். அப்பத்தான் கண்ணாடியப் பாத்தான். லைட்டு எரியறதைப் பாத்துக்கிட்டு நின்னான். நான் செவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்தேன். அவன் அணைச்சான், தொறந்தான், என்னோடதைக் கழட்டுனான். சட்டை முனையில தொடைச்சு, டப்பாவுல போட்டு மூடி, என் கையில வெச்சான். டப்பா வழியா சூடு கைக்குத் தெரிஞ்சுதுங்க.

மச்சான் கேட்டாரு, "யாருதுல கோளாறு?"ன்னு. அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்கறாங்க. "உங்களுதுதான்"னேன். வாயில வந்துருச்சுங்க, என்ன பண்றது? "என்ர சாமானையா சொல்றீங்க?"ன்னு எந்திரிச்சாரு. நானும் எந்திரிச்சேன். தட்டெல்லாம் அப்பிடியே கெடக்க, சோறு திங்காம எறங்கிப் போயிட்டாங்க. தரணீசு அங்கதான் நின்னான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சபையில செத்திருப்பேன். சொல்லல.

அஞ்சு மாசம் எங்களுக்கும் அவங்களுக்கும் போக்குவரத்து இல்ல. எனக்கு ஒரே வெசனம். என்ர சாமான் நல்ல சாமான்னு நிரூபிக்கோணும். கோயமுத்தூருக்கே மூணு தடவை போனேன். அந்தக் கடைப்பையன் அதை மட்டும் தனியா போட்டு நாலு மணி நேரம் ஓட்டிப் பாத்து, ஒரு தப்பும் இல்லன்னு தாளுல பிரிண்டு எடுத்துக் குடுத்தான். அதைக் கொண்டாந்து தரணீசுகிட்டக் காட்டுனேன். "பாருடா, சைபர் எர்ரரு"ன்னேன். பாத்தான். "குளிச்சுட்டு வந்தர்றேன்ப்பா"ன்னான். பாத்ரூம்பு வாசல்ல நின்னு திரும்பிச் சொன்னான், "வேற எதாச்சும் சொருகறதா இருந்தா இப்பவே சொருகிக்குங்க"ன்னு. கோவமா சொல்லல. சாப்படறீங்களான்னு கேக்கற மாதிரி சொன்னான். நான் அந்தத் தாளை வெச்சுக்கிட்டு அங்கியே உக்காந்துட்டேன்.

போன மாசம் சிவன்மலையில ஒரு கல்யாணம். மச்சானும் வந்திருந்தாரு. பந்தியில பக்கத்துப் பக்கத்து எலை அமைஞ்சு போச்சு. சரி, ஆனது ஆகட்டும்னு பாக்கெட்டுல இருந்து தாளை எடுத்தேன். அதே நேரத்துல அவரும் பாக்கெட்டுல இருந்து ஒரு தாளை எடுக்கறாருங்க! ஈரோட்டுல அவரும் டெஸ்ட் பண்ணியிருக்கறாரு. அவருதும் சைபர். ரண்டு தாளையும் பக்கத்துல வெச்சுப் பாத்தோம். அவரு சிரிச்சாரு, நான் சிரிச்சேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொரை ஏறிருச்சு, அவரு தண்ணி எடுத்துக் குடுத்தாரு. அவருதும் நல்ல சாமான், என்னுதும் நல்ல சாமான். அப்ப யாரு மேலயும் தப்பில்லைன்னு ஆகிப் போச்சுங்கல்ல? அஞ்சு மாசம் அநியாயமாப் பேசாம இருந்துட்டமேன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டோம்.

இந்தப் பைக்குள்ள என்னங்கறீங்களா? ஜாதகம்ங்க. தரணீசுக்குப் பொண்ணு பாத்திருக்குது. வெள்ளகோவில்ல ஒரு சோசியரு, பத்துப் பொருத்தமும் ஒண்ணு உடாம பாப்பாரு. ஒண்ணு கொறைஞ்சாலும் வேண்டாம்னு நான் சொல்லிப் போட்டேன். இதுல எல்லாம் அவசரப்படக் கூடாதுங்க. பொண்ணு மச்சான் பாத்தது, அவரு பக்கத்து ஒறம்பரை. தொழிலு என்னுது. பையன் இப்பக் களத்துக்கு வந்துட்டான். அப்பிடிப் பேசி முடிச்சிருக்கறோம். மனத்தாங்கல் வரக் கூடாது பாருங்க.

அவன்கிட்டக் கேட்டமான்னா, கேட்டோம்ங்க. எல்லாத்துக்கும் தலையாட்டறான். காலையில ஆறு மணிக்குக் களத்துல நிக்கறான். ஒரு வேலை சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கம்ப்யூட்டரு மேல் ரூம்புல துணி மூடிக் கெடக்குது. அதைத் தொடறதே இல்ல. போன்லகூட ஆடறதில்ல. பேக்கரிப் பசங்க வந்து கூப்புட்டாக்கூட, வேலை இருக்குதுன்னு சொல்லி அனுப்பிப் போடறான். ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, பையன் வழிக்கு வந்துட்டான்னு. கோகிலா மட்டும் எதுக்கெடுத்தாலும் அழுகறா. பொண்ணு வர்ற சந்தோசமா இருக்கும்.

முந்தாநேத்துக் களத்துக்குப் போனேன். அவன் கொப்பரையத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தான். எனக்கு என்னமோ மனசு கேக்கல. பக்கத்துல போயி, "சாமி, கல்யாணத்துக்கு உனக்கு என்ன வேணும்? வாயத் தொறந்து ஒண்ணு கேளு. எது கேட்டாலும் வாங்கித் தர்றேன். நீ எப்பிடி எழுதிக் குடுக்கறயோ அப்பிடியே வாங்கித் தர்றேன்"ன்னேன். நெசமாத்தான் சொன்னனுங்க.

நிமுந்து என்னைப் பாத்தான். சிரிச்ச மாதிரிகூட இருந்துது. "நீங்களும் மாமாவும் பேசி முடிவு பண்ணிக்குங்கப்பா. உங்க ரண்டு பேருக்கும் சரின்னா எனக்கும் சரி"ன்னான். சொல்லிப் போட்டு மறுபடி குனிஞ்சு கொப்பரையத் திருப்ப ஆரம்பிச்சுட்டான்.

அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கலைங்க. நல்ல வார்த்தைதானுங்களே அது, தம்பி?